உழைப்புக்கு எல்லை வகுத்தவர்
(மக்கள் தலைவர் வ. சுப்பையாவின் வாழ்வு)

இளம் அறிவியல் வேதியியல், இரண்டாம் ஆண்டு மாணவன், கீழவாஞ்சூர்

தமக்கென வாழ்ந்து மறைந்தோர் கோடி. பிறர்க்கென வாழ்ந்து நிலைத்தோர் சிலர். அச்சிலருள் ஒருவராக நம் புதுவை மாநிலத்தில் தோன்றியவர் மக்கள் தலைவர் வ. சுப்பையா அவர்கள். பிரெஞ்சிந்திய விடுதலை வரலாற்றில் அவர் பெயரை அறியாதார் இலர். ஆயினும் அவரை விடுதலை வீரராகவும் கட்சித் தலைவராகவும் அறிந்த அளவுக்கு, ஆலைத் தொழிலாளியின் உடல்நலத்தைக் காத்தவராக நாம் அறிந்திருக்கவில்லை. அந்தக் கோணத்தில் அவர் வாழ்வைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். அறிவியல் மாணவனுக்கு அரசியல் தலைவர் வாழ்வில் என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் கேட்கலாம். அதற்கு விடை கட்டுரையின் நடுவில் வரும் ஒரு சிறு கணக்கில் இருக்கிறது.

இளமைப் பருவம்

சுப்பையா 1911 ஆம் ஆண்டு பிப்ரவரி 7 ஆம் நாள் புதுச்சேரியில் பிறந்தார். அங்கேயே கல்வி கற்றார். மாணவராக இருந்த நாளிலேயே பொதுப்பணியில் நாட்டம் கொண்டார். இளைஞர்களைத் திரட்டுவதும், தாழ்த்தப்பட்ட மக்கள் வாழும் பகுதிகளுக்குச் சென்று பணிபுரிவதும் அவருடைய தொடக்கப் பணிகள். 1934 ஆம் ஆண்டு பிப்ரவரியில் காந்தியடிகள் புதுவைக்கு வருகை தந்தார். அவ்வருகைக்கு ஏற்பாடு செய்தவர்களுள் இருபத்து மூன்று வயதே ஆன சுப்பையாவும் ஒருவர். அதே ஆண்டில் ‘சுதந்திரம்’ என்னும் இதழையும் தொடங்கினார்.

இதழ் நடத்துவோர் பலர் பேனாவோடு நின்றுவிடுவர். சுப்பையாவோ தாம் எழுதியதைத் தொழிலாளர் குடியிருப்புகளுக்கும் எடுத்துச் சென்றார். அங்கே அவர் கண்ட காட்சிகளே அவருடைய வாழ்வின் திசையை முடிவு செய்தன எனலாம்.

ஆலைகளின் அன்றைய நிலை

புதுவை நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கு நெய்து நீலம் தோய்த்த துணி கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்கா வரை சென்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அங்கு எந்திர ஆலை வந்துவிட்டது. 1930களில் மூன்று பெரிய ஆலைகள் இருந்தன: சவானா ஆலை, ரோடியர் ஆலை, கெப்ளே ஆலை. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இவற்றை நம்பி வாழ்ந்தன.

அந்த ஆலைகளில் வேலைநேரம் பன்னிரண்டு மணி. சில வேளைகளில் அதற்கும் மேல். விடியுமுன் உள்ளே சென்றவர் இருட்டிய பின்னரே வெளியே வருவார். பெண்களும் இரவில் வேலை செய்தனர். சிறுவர்களும் எந்திரங்களிடையே ஓடி ஆடினர். ஆனால் அது விளையாட்டன்று, வேலை. பிள்ளை பெறும் பெண்ணுக்கு ஓய்வும் இல்லை, ஊதியமும் இல்லை. சங்கம் வைத்துக்கொள்ள உரிமையும் கிடையாது.

இங்கு ஒரு முரண்பாட்டைக் காண வேண்டும். பிரெஞ்சு நாடு தன் சொந்த மண்ணில் எட்டு மணி நேர வேலைநாளை 1919 ஆம் ஆண்டு ஏப்ரலிலேயே சட்டமாக்கிவிட்டது. அதே கொடி பறந்த புதுவையில் அந்தச் சட்டம் இல்லை. பாரிசில் உள்ள தொழிலாளியின் உடல் வேறு, புதுவையில் உள்ள தொழிலாளியின் உடல் வேறு என்று சட்டம் கருதியது போலும்! பிரிட்டிஷ் இந்தியாவின் நிலையும் மேலானதன்று. 1919 இல் வாஷிங்டனில் கூடிய உலகத் தொழிலாளர் மாநாடு, நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என உலகுக்கு வரம்பு வகுத்தது. ஆனால் அந்த ஒப்பந்தத்திலேயே இந்தியாவுக்குத் தனி விதி ஒன்றை எழுதி, வாரத்துக்கு 60 மணி என்று வைத்தனர்.

ஒரு சிறு கணக்கு

நேரத்தைப் பற்றி இவ்வளவு பேசுவது ஏன்? வேலைநேரம் என்பது கூலியைச் சார்ந்த செய்தி என்றே நாம் எண்ணுகிறோம். அது உடல்நலத்தையும் சார்ந்தது என்பதை வேதியியல் மாணவன் எளிதில் உணரலாம்.

பஞ்சைப் பிரித்து உதறும் இடத்திலும், அதைச் சிக்கெடுக்கும் இடத்திலும் தூசி பறந்துகொண்டே இருக்கும். அந்தத் தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசிப்போருக்குப் ‘பிசினோசிஸ்’ என்னும் நோய் வருகிறது. வார ஓய்வு முடிந்து மீண்டும் ஆலைக்குள் நுழையும் நாளில் நெஞ்சு இறுகும், மூச்சு முட்டும். தொடக்கத்தில் அடுத்த நாளே குறைந்துவிடும். அதனால் தொழிலாளி அதைப் பொருட்படுத்த மாட்டார். நாளடைவில் வாரம் முழுவதும் அந்த இறுக்கம் நீடிக்கும். இறுதியில் நுரையீரல் மீளாத நிலையை அடையும்.

உழைக்கும் ஒருவர் எட்டு மணி நேரத்தில் ஏறத்தாழ 10 கன மீட்டர் காற்றைச் சுவாசிக்கிறார் என்று பாதுகாப்புத் துறையினர் கணக்கிடுவர். ஒரு கன மீட்டர் காற்றில் 1 மில்லிகிராம் தூசி இருப்பதாகக் கொள்வோம். எட்டு மணி நேரத்தில் அவர் மூச்சில் செல்வது 10 மில்லிகிராம். அதே காற்றில் பன்னிரண்டு மணி நேரம் நின்றால் 15 மில்லிகிராம். எந்திரமும் மாறவில்லை, காற்றும் மாறவில்லை; நேரம் மட்டுமே மாறியது; தூசி ஒன்றரை மடங்காகிவிட்டது. அதோடு, உள்ளே சென்ற தூசியை உடல் வெளியேற்றுவதற்குக் கிடைக்கும் ஓய்வு 16 மணியிலிருந்து 12 மணியாகச் சுருங்குகிறது. ஆகவே நேரம் நீள நீளக் கேடு இரு வழியாலும் பெருகுகிறது. தறியின் பேரிரைச்சலால் காது மந்தமாவதும் இத்தகையதே. களைத்த கண்ணும் உறங்கும் விரலும் எந்திரப் பட்டையருகே சென்றால் என்ன ஆகும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

தொழிலுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை இத்தாலிய மருத்துவர் ராமசீனி 1700 ஆம் ஆண்டிலேயே நூலாக எழுதினார். நோயாளியிடம் மருத்துவர் கேட்க வேண்டிய கேள்விகளோடு, அவர் என்ன தொழில் செய்கிறார் என்ற கேள்வியையும் சேர்க்க வேண்டும் என்பது அவர் அறிவுரை. சுப்பையா மருத்துவர் அல்லர். வேதியியல் படித்தவரும் அல்லர். எனினும் எட்டு மணி நேரம் என்ற ஒரே கோரிக்கையின் மூலம் தூசி, இரைச்சல், களைப்பு, விபத்து ஆகிய நான்கையும் ஒருங்கே குறைக்க வழி கண்டவர்களுள் ஒருவரானார்.

போராட்டமும் உயிர்த்தியாகமும்

1935 ஆம் ஆண்டு சவானா ஆலையில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. சுப்பையா தொழிலாளர்களுடன் நின்று வழிகாட்டினார். வேலைநேரக் குறைப்பு, பெண்களின் இரவு வேலை ஒழிப்பு, பிள்ளைப்பேற்று ஓய்வு ஆகியவை தொழிலாளர்களின் கோரிக்கைகளாக உருப்பெற்றன. பிள்ளைப்பேற்று ஓய்வைக் கேட்டு ஆண் தொழிலாளரும் சேர்ந்து நின்றது நம் மண்ணின் தொழிற்சங்க வரலாற்றில் பெருமைக்குரிய பக்கமாகும்.

1936 ஆம் ஆண்டு பிரான்சில் மக்கள் முன்னணி ஆட்சிக்கு வந்தது. லெயோன் பிளூம் தலைமை அமைச்சரானார். அங்குத் தொழிலாளர்கள் ஆலைகளுக்குள்ளேயே அமர்ந்து போராடி, வாரத்துக்கு 40 மணி நேர வேலையையும் ஊதியத்துடன் கூடிய விடுமுறையையும் பெற்றனர். அந்தச் செய்தி கடல் கடந்து புதுவைக்கும் வந்தது. புதுவை ஆலைத் தொழிலாளர்களும் ஆலைகளுக்குள் அமர்ந்தனர்.

1936 ஜூலை 30. சவானா ஆலைத் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. பன்னிரண்டு தொழிலாளர்கள் உயிர்நீத்தனர். பலர் காயமுற்றனர். எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, எட்டு மணி நேரம் உறக்கம் என்று இன்று நாம் எளிதாகச் சொல்கிறோம். அந்தச் சொற்களின் பின்னால் பன்னிரண்டு வீடுகளில் எழுந்த அழுகுரல் இருக்கிறது. புதுவைத் தொழிலாளர்கள் ஆண்டுதோறும் அந்நாளைத் தியாகிகள் நாளாகப் போற்றி வருகின்றனர்.

சட்டம் பிறந்தது

அந்தத் துயரத்துக்குப் பின் சுப்பையா சோர்ந்து அமர்ந்துவிடவில்லை. ஆளுநராக இருந்த சொலோமியாக் அவ்வாண்டிலேயே மாறினார். புதிய ஆளுநர் வந்தார். பேச்சுவார்த்தைகள் நடந்தன. சுப்பையா ஜவகர்லால் நேருவைச் சந்தித்து ஆலோசனை பெற்றார். 1937 இல் பாரிஸ் நகருக்கும் சென்று, புதுவைத் தொழிலாளரின் நிலையை ஆட்சியாளரிடம் எடுத்துரைத்தார். ஆலை வாயிலில் பேசியவர் அமைச்சகத்தின் வாயிலிலும் பேசினார்.

1937 ஏப்ரல் 6 ஆம் நாள் பிரெஞ்சிந்தியாவுக்கான தொழிலாளர் சட்ட ஆணை வெளியாயிற்று. எட்டு மணி நேர வேலைநாள் சட்டமாயிற்று. சங்கம் அமைக்கும் உரிமை ஏற்கப்பட்டது. ஆசியாவிலேயே முதன்முதலில் எட்டு மணி நேர வேலையைப் பெற்றவர்கள் தாங்களே என்று புதுவைத் தொழிலாளர்கள் இன்றும் பெருமையோடு சொல்வர்.

இதன் அருமை எங்கள் ஊர்க்காரருக்கு நன்கு விளங்கும். கீழவாஞ்சூர் காரைக்கால் பகுதியின் எல்லை ஊர். நாகூரிலிருந்து நடந்தே வந்துவிடலாம். அந்நாளில் இது இரண்டு அரசுகளுக்கு இடையே இருந்த எல்லை. இப்பக்கம் பிரெஞ்சு ஆட்சி, அப்பக்கம் பிரிட்டிஷ் ஆட்சி. 1937 ஆணை முழுமையாக நடைமுறைக்கு வந்த காலத்தில், எல்லைக்கு இப்பக்கம் ஆலை வேலைநாள் எட்டு மணி. அப்பக்கம் 1934 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டப்படி நாளுக்குப் பத்து மணி, வாரத்துக்கு 54 மணி. காற்றும் ஒன்று, கடலும் ஒன்று, மொழியும் ஒன்று. சட்டம் மட்டும் இரண்டு. அம்பேத்கர் தொழிலாளர் துறைப் பொறுப்பை ஏற்றிருந்த காலத்தில் உருவான 1946 ஆம் ஆண்டுத் திருத்தம்தான் அப்பக்கத்திலும் 48 மணி நேர வாரத்தைக் கொண்டுவந்தது. அதற்குள் ஏறத்தாழ பத்தாண்டுகள் கடந்துவிட்டன.

பிற்கால வாழ்வு

தொழிலாளருக்காக உழைத்தவருக்கு ஆட்சியாளர் அளித்த பரிசு சிறையும் வெளியேற்றமும். அவை அவர் வாழ்வில் மாறி மாறி வந்தன. அவருடைய துணைவியார் சரசுவதி அம்மையாரும் பொதுவாழ்வில் தோளோடு தோள் நின்றார். பிரெஞ்சிந்தியாவில் பொதுவுடைமை இயக்கத்தைக் கட்டி வளர்த்த சுப்பையா, இந்தியாவுடன் இணையும் போராட்டத்திலும் முன்னின்றார். 1954 நவம்பர் 1 அன்று புதுவையும் காரைக்காலும் இந்திய ஆட்சியின் கீழ் வந்தன. பின்னர் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்து வாதாடினார். 1969 இல் அமைந்த கூட்டணி அரசில் அமைச்சராகவும் பணியாற்றினார். தம் போராட்ட நினைவுகளை நூலாகவும் எழுதிவைத்தார். 1993 அக்டோபர் 12 அன்று இயற்கை எய்தினார்.

அவர் போராடிய ஆலைகளில் இன்று எந்திர ஓசை இல்லை. நலிவுற்று நலிவுற்று அவை மூடப்பட்டுவிட்டன. ஆனால் அவ்வாலைகளில் பிறந்த உரிமை ஆலைகளோடு மூடப்படவில்லை.

இன்றைய நிலை

விடுதலை பெற்ற இந்தியா 1948 இல் தொழிற்சாலைச் சட்டத்தை இயற்றியது. தூசியை அகற்றுதல், எந்திரத்துக்கு வேலி அமைத்தல், வாரத்துக்கு 48 மணி நேரம், மிகை நேரத்துக்கு இரட்டைக் கூலி என்று பல விதிகள் அதில் இடம்பெற்றன. 1976 ஆம் ஆண்டுத் திருத்தம், ஆயிரம் பேருக்குமேல் பணிபுரியும் பெரிய ஆலைகளில் பாதுகாப்பு அலுவலர் இருக்க வேண்டும் என்றது. 1984 டிசம்பரில் போபாலில் நச்சு வாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அதன்பின் 1987 இல் வந்த திருத்தம், கேடு விளைவிக்கும் தொழில்களில் தொழிலாளரும் நிர்வாகமும் சம அளவில் அமரும் பாதுகாப்புக் குழுவைக் கட்டாயமாக்கியது. இவற்றைத் தொகுத்து, 2020 இல் நாடாளுமன்றம் தொழிற்பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் பற்றிய புதிய சட்டத்தொகுப்பை நிறைவேற்றியது. 2025 நவம்பர் முதல் அது நடைமுறைக்கு வந்துள்ளது.

பெரிய நிறுவனத்தில் பாதுகாப்பு என்பது தலைக்கவசத்தோடு முடிவதில்லை. கேட்டை அதன் பிறப்பிடத்திலேயே தடுக்க வேண்டும் என்பது இத்துறையின் முதற்பாடம். தூசி எழாத முறையைக் கையாளுதல், எழுந்தால் உறிஞ்சி அகற்றுதல், பணியாளர் அங்கு நிற்கும் நேரத்தைக் குறைத்தல், இவை எல்லாவற்றுக்கும் பின்னரே முகமூடி. நம் ஆய்வுக்கூடத்தில் நச்சுப்புகை தரும் சோதனையைப் புகைக்கூண்டுக்குள் செய்கிறோமே, அதுவும் இதே பாடம்தான்.

விதிகள் இத்தனை இருந்தும் அவை யாரை எட்டுகின்றன என்பதே கேள்வி. என் தந்தையார் எழுத்தறியாதவர். வெளியூரில் ஒரு கிட்டங்கியில், ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் மூட்டை இறக்கும் வேலை செய்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். அவருக்கு வேலை மணிக்கணக்கில் இல்லை; மூட்டைக்கணக்கில். லாரிகள் வரிசையாக வந்து நின்றால் காலையில் தொடங்கிய வேலை நள்ளிரவில்தான் முடியும். தோளில் கிடக்கும் துண்டே மூக்குக்கும் முகமூடி. மேலே எழுதிய கணக்கை விடுமுறையில் அவருக்குச் சொல்லிக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். தூசி ஒன்றரை மடங்கு என்பது அவருக்கு உடனே விளங்கிற்று. அவர் நெஞ்சு அதை முன்பே அறிந்திருந்தது. பிறகு அவர் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். நான்கு மணி நேரத்தைக் குறைத்தால், அந்த நான்கு மணி நேரக் கூலியை யார் தருவார்?

இந்தக் கேள்விக்கு வேதியியல் பாடநூலில் விடை இல்லை. ஆனால் சுப்பையாவின் வாழ்வில் இருக்கிறது. நேரம் குறைய வேண்டும். ஆனால் அடுப்பு அணையக் கூடாது. இரண்டையும் சேர்த்துக் கேட்டால்தான் தொழிலாளியால் கேட்க முடியும். தனித்து நிற்பவர் அப்படிக் கேட்க முடியாது. கேட்டால் மறுநாள் வேலை இராது. சேர்ந்து நின்றோர்க்கே அது இயலும். அதனால்தான் 1937 ஆணையில் எட்டு மணி நேரத்தோடு சங்க உரிமையும் இடம்பெற்றது. ஒன்று பயிர், மற்றொன்று வேலி. என் தந்தையாரைப் போன்ற ஒப்பந்தத் தொழிலாளர்க்குப் பயிரும் எழுத்தில் இருக்கிறது, வேலியும் எழுத்தில் இருக்கிறது. எழுத்திலிருந்து அவை கிட்டங்கிக்குள் இன்னும் வரவில்லை.

முடிவுரை

எங்கள் ஊர்க் கடற்கரையில் 2009 முதல் துறைமுகம் இயங்கி வருகிறது. நம் மாவட்டத்தில் தொழிற்கூடங்கள் பல உள்ளன. இக்கல்லூரியில் வேதியியலும் இயற்பியலும் பயிலும் நம்மில் பலர், பட்டம் பெற்றதும் ஏதேனும் ஓர் ஆலையில் ஷிப்ட் கெமிஸ்டாகவோ மேற்பார்வையாளராகவோ சேரப்போகிறோம். அங்கே வருகைப் பதிவேடும் விபத்துப் பதிவேடும் நம் கைக்கு வரும். ஒருவர் எத்தனை மணி நேரம் நின்றார், எந்தக் காற்றைச் சுவாசித்தார், எப்படிக் காயமுற்றார் என்பதை எழுதும் பேனா நம்முடையதாக இருக்கும். பதினாறு மணி நேரம் நின்றவரை எட்டு மணி நேரம் என்று எழுதச் சொன்னால் என்ன செய்வோம்? ஒப்பந்த ஆள் விழுந்தால் அவர் நம் கணக்கில் இல்லை என்று பக்கத்தைப் புரட்டிவிடுவோமா?

உள்ளதை உள்ளபடி எழுதுவதற்குச் சிறை செல்லும் துணிவு தேவையில்லை. சிறிதளவு நேர்மை போதும். சுப்பையா தம் இளமையைக் கொடுத்தார். சவானா ஆலைத் தொழிலாளர் பன்னிருவர் தம் உயிரைக் கொடுத்தனர். நம்மிடம் கேட்கப்படுவது ஒரு பதிவேட்டில் ஓர் உண்மையான வரி மட்டுமே. அதை எழுதுவோர் இக்கல்லூரியிலிருந்து புறப்படட்டும்.